தோட்டம் பூங்காவான கதை: நியூ ஆர்லியன்ஸின் இரண்டு பூங்காக்கள்

தமிழில் 'தோட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வீட்டுக் கொல்லையில் நாலு வாழையும் ஒரு மல்லிகைக் கொடியும் இருந்தால் அது தோட்டம். வால்பாறையிலோ நுவரெலியாவிலோ மலை முழுக்கத் தேயிலை போட்டு, லயங்களில் ஆட்களைக் குடிவைத்து வேலை வாங்கினால் அதுவும் தோட்டம்தான். முதலாவது மனதுக்காக வைப்பது. இரண்டாவது லாபத்துக்காக வைப்பது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை.

உலகின் சில ஊர்களில் இரண்டாவது வகைத் தோட்டம் முதலாவது வகையாக மாறியிருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் உள்ள ஹோப் பூங்கா, 1655-ல் அந்தத் தீவைப் பிடித்த ஆங்கிலப் படையில் இருந்த ரிச்சர்ட் ஹோப் என்ற அதிகாரியின் எஸ்டேட் நிலத்தில் அமைந்தது. டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் உள்ள குயின்ஸ் பார்க் சவானா மைதானம், 1817-ல் பெஷியே என்ற குடும்பத்திடம் நகர நிர்வாகம் வாங்கிய கரும்புத் தோட்டம். அந்தக் குடும்பத்தின் இடுகாட்டை மட்டும் விற்பனையிலிருந்து விலக்கி வைத்தார்கள். இன்றும் மைதானத்துக்கு நடுவே மதில் சூழ அந்த இடுகாடு இருக்கிறது. அந்தத் தோட்டத்தின் பெயர் 'பாரடைஸ்', அதாவது சொர்க்கம்! யாருக்குச் சொர்க்கம் என்று கேட்டால் பதில் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று விவரமாகப் பார்க்க மிகப் பொருத்தமான ஊர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். அங்கே ஆடுபான் பார்க், சிட்டி பார்க் என்று இரண்டு பெரிய பூங்காக்கள் உள்ளன. முதலாவது சுமார் 350 ஏக்கர். இரண்டாவது சுமார் 1,300 ஏக்கர். இரண்டும் ஒரு காலத்தில் அடிமைகள் வேலை செய்த தோட்டங்கள். இரண்டும் பொதுச் சொத்தாக மாறிய வழிகள் வேறு வேறு. ஆனால் 'பொது' என்ற சொல் உண்மையாவதற்கு இரண்டு இடத்திலும் சுமார் நூறு வருடம் பிடித்தது.

ஆற்றங்கரையும் நீளப் பட்டைகளும்

நியூ ஆர்லியன்ஸை 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவினார்கள். பின்பு அது ஸ்பெயினிடம் போய், திரும்பவும் பிரான்சுக்கு வந்து, 1803-ல் லூசியானா முழுவதோடும் சேர்த்து அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. மிசிசிப்பி ஆற்றின் வளைவில் உள்ள சதுப்பு நிலம் அது. ஆனால் ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலால் கரையை ஒட்டிய பகுதி மேடாகவும் வளமாகவும் இருந்தது. ஆற்றைவிட்டு விலகிப் போகப் போக நிலம் தாழ்ந்து சதுப்பில் முடியும்.

அதனால் நிலத்தை நீளமான பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் ஆற்றங்கரையில் சிறிய முகப்பு, பின்னால் நீண்ட ஆழம். 'ஆர்பான்' என்பது அந்தக்கால அளவு. ஓர் ஆர்பான் ஏறக்குறைய 58 மீட்டர். பட்டைகள் வழக்கமாக 40 ஆர்பான் ஆழம், அதாவது இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். எல்லோருக்கும் கொஞ்சம் மேட்டு நிலம், எல்லோருக்கும் ஆற்றில் ஒரு படகுத்துறை. தோட்டங்கள் போய் நகரம் வந்தபோதும் இந்தக் கோடுகள் அழியவில்லை. பழைய எல்லைகளை ஒட்டியே தெருக்கள் போடப்பட்டன. செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவிலிருந்து ஆறுவரை நீளமாகக் கிடக்கும் ஆடுபான் பார்க்கை வரைபடத்தில் பார்த்தால், அது ஒரு தோட்டப் பட்டையின் வடிவம் என்பது உடனே விளங்கும்.

பாகு மணியான வருடம்

ஆடுபான் பார்க் இருக்கும் நிலம் எத்தியேன் த போரே என்பவரும் அவருடைய மருமகன் ஃபூஷேயும் வைத்திருந்த தோட்டங்களின் பகுதி. போரே 1741-ல் இல்லினாய் பகுதியில் பிறந்து, பிரான்சில் படித்து, அங்கே அரச காவல் படையில் பணியாற்றியவர். லூசியானாவின் பெரிய குடும்பம் ஒன்றில் பெண் எடுத்துத் தோட்டக்காரரானார். அவர் முதலில் பயிரிட்டது அவுரி. 1790-களின் தொடக்கத்தில் பூச்சியாலும் வெள்ளத்தாலும் அவுரி தொடர்ந்து பொய்த்தது. சொத்து கரைந்துகொண்டே வந்தது.

கரும்பு லூசியானாவுக்குப் புதிது அல்ல. 1751-லேயே ஏசு சபைப் பாதிரிகள் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். பிரச்சினை வேறு. வெப்ப நாடுகளில் கரும்பு முற்றுவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் அவகாசம் கிடைக்கும். லூசியானாவில் குளிர்காலத்து உறைபனி விழுவதற்குள் வெட்டியாக வேண்டும். முற்றாத கரும்பின் சாற்றைக் காய்ச்சினால் பாகு வரும், அது மணியாக உறையாது. பாகை விற்கலாம், சாராயம் காய்ச்சலாம். ஆனால் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றக்கூடிய சர்க்கரை கிடைக்காது. போரேயின் மாமனாரே இதில் முயன்று தோற்றவர்தான்.

இந்த நிலையில் 1791-ல் சான் டொமிங்கில் (இன்றைய ஹைட்டி) அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். உலகிலேயே அதிகமாகச் சர்க்கரை ஏற்றுமதி செய்த அந்தக் குடியேற்றத்தின் ஆலைகள் எரிந்தன. சந்தையில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்தது. அங்கிருந்து தப்பி வந்த சர்க்கரைத் தொழில் தெரிந்தவர்களும் லூசியானாவில் கிடைத்தார்கள். போரே மிச்சமிருந்த பணத்தையெல்லாம் போட்டு, ஏற்கெனவே சிறிய அளவில் கரும்பு பயிரிட்டுவந்த மெண்டெஸ், சோலிஸ் என்ற இருவரிடம் விதைக்கரும்பு வாங்கினார். சான் டொமிங்கில் தொழில் கற்ற அந்துவான் மொரான் என்பவரைக் காய்ச்சுவதற்கு அமர்த்திக்கொண்டார். 1795-ல் சர்க்கரை மணி மணியாக உறைந்தது. அந்த ஒரு அறுவடை 12,000 டாலருக்கு விற்றதாகச் சொல்லப்படுகிறது. அன்றைக்கு அது பெரிய தொகை.

ஊர்க்காரர்கள் கொப்பரையைச் சுற்றி நின்று, உறையுமா உறையாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததாக ஒரு கதை உண்டு. இதைப் பிரபலப்படுத்தியவர் போரேயின் பேரனும் வரலாற்றாசிரியருமான சார்ல்ஸ் கயாரே. தாத்தாவின் தோட்டத்தில் வளர்ந்த அவர், 1887-ல் ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் அந்த நாட்களைப் பற்றி எழுதினார். பேரன் எழுதிய கதையில் தாத்தாதான் நாயகன். சாறு பிழிந்தவர்கள், விறகு வெட்டியவர்கள், கொப்பரைக்கு முன்னால் வெந்தவர்கள் அந்தக் கதையில் பெயர் இல்லாத கூட்டம்.

வரவும் செலவும்

இந்த வெற்றியின் பலன் என்ன? 1803-ல் போரே நியூ ஆர்லியன்ஸின் முதல் மேயரானார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் அவுரியைக் கைவிட்டுக் கரும்புக்கு மாறினார்கள். 1853-ல் லூசியானாவின் அறுவடை சுமார் 4.5 லட்சம் பெரிய பீப்பாய்கள். ஒரு பீப்பாய்க்குச் சுமார் 450 கிலோ.

வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் பிரமாதமான தொழில். செலவுப் பக்கத்தில் வேறு எண்கள் இருக்கின்றன. 1810-ல் அந்தப் பகுதியில் இருந்த அடிமைகள் 34,660 பேர். 1860 மக்கள்தொகைக் கணக்கில் லூசியானாவின் அடிமைகள் 3,31,726 பேர். ஐம்பது வருடத்தில் ஒன்பது மடங்குக்கும் மேல். அவர்களில் பலர் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களில் குடும்பத்திலிருந்து பிரித்து விற்கப்பட்டு, கப்பலிலும் கால்நடையாகவும் கொண்டுவரப்பட்டவர்கள். நியூ ஆர்லியன்ஸ் அமெரிக்காவின் மிகப்பெரிய அடிமைச் சந்தையாக இருந்தது.

உறைபனிக்குள் வெட்டியாக வேண்டும் என்ற கட்டாயத்தின் பாரமும் இவர்கள் தலையில்தான் விழுந்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஆலை இரவு பகல் ஓடும். கரும்பு பிழியும் உருளைகளில் தூக்கக் கலக்கத்தில் கை மாட்டிக்கொள்வது சாதாரண விபத்து. லூசியானாவின் கரும்புப் பகுதிகளில் அடிமைகளிடையே பிறப்பைவிட இறப்பு அதிகம் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். புதிய ஆட்களை வாங்கிக்கொண்டே இருந்தால்தான் தொழில் ஓடும். 1811 ஜனவரியில் ஆற்றின் மேற்பகுதித் தோட்டங்களில் இருந்த நூற்றுக்கணக்கான அடிமைகள் ஆயுதம் ஏந்தி நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தார்கள். அமெரிக்க வரலாற்றின் மிகப்பெரிய அடிமைக் கிளர்ச்சி இதுதான். சில நாட்களிலேயே அது ஒடுக்கப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் தலைகள் ஆற்றங்கரை நெடுகக் கழிகளில் செருகி வைக்கப்பட்டன.

இந்தத் தொழிலுக்கு முதலீடு எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. 1827-ல் தோட்டக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வங்கி தொடங்கினார்கள். நிலத்தையும் அடிமைகளையும் அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுப்பது அதன் வேலை. அதன் பத்திரங்கள் லண்டனில் பேரிங் நிறுவனம் மூலம் விற்கப்பட்டன. லூசியானாவில் காலடி வைக்காத ஆங்கிலேயர் ஒருவர், அடிமையின் உடலை ஈடாக வைத்த கடனுக்கு வட்டி வாங்க முடிந்தது. இது பழங்கதை மட்டும் அல்ல. 2005 ஜனவரியில் ஜேபி மார்கன் சேஸ் வங்கி ஒரு மன்னிப்பு அறிக்கை வெளியிட்டது. பின்னாளில் அதோடு கலந்துவிட்ட இரண்டு லூசியானா வங்கிகள், 1831 முதல் 1865 வரை சுமார் 13,000 அடிமைகளைக் கடனுக்கு ஈடாக ஏற்றிருந்தன. கடன் திரும்பாதபோது அவர்களில் சுமார் 1,250 பேர் வங்கிகளின் உடைமையாகவே ஆனார்கள்.

போரேயின் கண்டுபிடிப்பை உண்மையிலேயே தொழில்நுட்பமாக மாற்றியவர் யார் என்பதும் சுவையான விஷயம். 1806-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு வெள்ளைத் தந்தைக்கும் சுதந்திரமான கறுப்பினத் தாய்க்கும் பிறந்த நோர்பெர் ரிலியூ, பாரிசில் படித்துப் பொறியாளரானார். திறந்த கொப்பரைகளுக்குப் பதிலாக, ஒரு கலத்தின் ஆவியையே அடுத்த கலத்துக்கு எரிபொருளாக்கும் வெற்றிட ஆவியாக்கியை 1840-களில் வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். விறகு மிச்சமானது, சர்க்கரை வெள்ளையானது, கொதிக்கும் சாற்றைக் கரண்டியால் மொண்டு ஊற்றும் ஆபத்தும் குறைந்தது. இன்றைய சர்க்கரை ஆலைகளிலும் அடிப்படை இதுதான். அவருடைய இயந்திரத்தை வாங்கிய தோட்டக்காரர்கள், நிறத்தைக் காட்டி அவரைச் சமமாக நடத்த மறுத்தார்கள். கடைசியில் அவர் பிரான்சுக்கே போய்விட்டார்.

பருத்திக்கு நூறாண்டு விழா

உள்நாட்டுப் போர் (1861-65) இந்தத் தொழிலை முறித்தது. 1864-ல் லூசியானாவின் சர்க்கரை, போருக்கு முந்தைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. நகரத்தை ஒட்டிய தோட்டங்களைப் பட்டை பட்டையாக வெட்டி வீட்டு மனைகளாக விற்றார்கள். போரே, ஃபூஷே நிலத்தின் ஒரு பகுதி மட்டும் தப்பியது. 1871-ல் பூங்காவுக்கென்று அது வாங்கப்பட்டது. வாங்கியதோடு சரி, பதின்மூன்று வருடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

1884 டிசம்பர் 16 அன்று அங்கே உலகப் பருத்திக் கண்காட்சி தொடங்கியது. அமெரிக்கா 1784-ல் இங்கிலாந்துக்குப் பருத்தி ஏற்றுமதி செய்ததன் நூற்றாண்டு என்பது காரணம். பிரதான கட்டடம் மட்டும் 33 ஏக்கர். மின்விளக்குகள் ஆயிரக்கணக்கில். போருக்குப் பிறகு தென்மாநிலங்கள் எழுந்து நிற்கின்றன என்று உலகத்துக்குக் காட்டுவது நோக்கம். கறுப்பின மக்களின் கைவேலைகளுக்கும் கண்டுபிடிப்புகளுக்கும் தனிப் பிரிவு ஒன்று இருந்தது. அதன் தலைவர், அடிமையாகப் பிறந்து அமெரிக்க செனட் உறுப்பினராக உயர்ந்த பிளான்ச் புரூஸ். பருத்தியின் நூறாண்டில் எண்பது ஆண்டு அடிமைகளின் உழைப்பு. விழாவில் அவர்களுக்கு ஒரு மூலை.

வணிக ரீதியில் கண்காட்சி படுதோல்வி. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, 1885 ஜூனில் கடனோடு மூடினார்கள். இதன் தலைமை இயக்குநர் எட்வர்ட் பர்க் அப்போது மாநிலத்தின் கருவூலத் தலைவரும்கூட. சில வருடம் கழித்து மாநில நிதியில் பத்து லட்சம் டாலருக்கு மேல் கையாடல் நடந்தது வெளிப்பட்டபோது, அவர் ஊரில் இல்லை. ஹோண்டுராஸ் நாட்டிலேயே தங்கி, 1928-ல் அங்கேயே இறந்தார்.

கண்காட்சிக்குப் பிறகு 1886-ல் பூங்காவுக்கு ஆடுபான் பார்க் என்று பெயர் வைத்தார்கள். பறவை ஓவியங்களால் புகழ்பெற்ற ஜான் ஜேம்ஸ் ஆடுபான் நியூ ஆர்லியன்ஸில் சில காலம் வாழ்ந்தவர். ஆனால் பொருத்தம் அதோடு முடியவில்லை. அவர் 1785-ல் பிறந்ததே சான் டொமிங்கில், தந்தையின் கரும்புத் தோட்டம் இருந்த தீவில். அவரும் அடிமைகளை வாங்கி விற்றவர். இந்தக் காரணத்துக்காக அமெரிக்காவின் சில பறவை ஆர்வலர் சங்கங்கள் அண்மையில் அவர் பெயரைக் கைவிட்டன. தேசிய ஆடுபான் சங்கம் 2023-ல் விவாதித்து, பெயரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தது.

1890-களின் இறுதியிலிருந்து ஜான் சார்ல்ஸ் ஓம்ஸ்டெட்டின் திட்டப்படி ஏரியும் புல்வெளியும் வளைந்த பாதைகளுமாகப் பூங்கா உருவானது. கரும்பும் உடனே போய்விடவில்லை. 1890-ல் சர்க்கரை ஆராய்ச்சி நிலையம் ஒன்று பூங்காவுக்குள்ளேயே வந்தது. அடுத்த வருடம் சர்க்கரைத் தொழில்நுட்பப் பள்ளியும் தொடங்கியது. லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்தின் சர்க்கரை ஆய்வு மையத்துக்கு 'ஆடுபான்' என்ற பெயர் வந்தது இப்படித்தான். பெயரை மட்டும் பார்ப்பவர்கள் பறவைக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்புவார்கள்!

உயிலில் வந்த பூங்கா

சிட்டி பார்க்கின் கதை வேறு. நகரத்தின் வடக்கே, ஓடைக்கரையில், லூயி அல்லார் என்பவரின் தோட்டமாக அது இருந்தது. பசுமை மாறாத 'லைவ் ஓக்' மரங்கள் நிறைந்த இடம். பல நூறு வயதான மரங்கள் இன்றும் அங்கே உள்ளன. அல்லார் கவிதையில் நாட்டமுள்ளவர், கணக்கில் நாட்டமில்லாதவர். கடன் ஏறி, நிலம் ஜான் மெக்டொனா என்ற பெரும் பணக்காரரின் கைக்குப் போனது.

மெக்டொனா விசித்திரமான மனிதர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஞ்சன் என்று ஊரே பேசியது. அடிமைகளை வைத்திருந்த அவர், 1820-களில் அவர்களுக்கென்று ஒரு திட்டம் போட்டார். சனிக்கிழமை பிற்பகல் வேலைக்கு அடிமைகளுக்குக் கூலி உண்டு. ஆனால் அது அவர்கள் பெயரில் கணக்கில் ஏறும். சேர்ந்த தொகையில் சனிக்கிழமை முழுவதையும் எஜமானரிடமிருந்து விலைக்கு வாங்கலாம். பிறகு அந்த நாளின் கூலியைச் சேர்த்து வெள்ளிக்கிழமையை வாங்கலாம். இப்படி ஒவ்வொரு நாளாக வாங்கி, சுமார் பதினைந்து வருடத்தில் வாரம் முழுவதும் சொந்தமானால் விடுதலை. 1842-ல் இப்படி விடுதலையான சுமார் எண்பது பேரைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பினார்.

இதைக் கருணை என்று புகழ்ந்தவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். பதினைந்து வருடம் முறைப்பாக உழைக்கும் ஆட்கள், ஓடிப்போகும் அபாயம் இல்லை, மேற்பார்வைச் செலவு குறைவு, முடிவில் அவர்களுடைய விலையும் கைக்கு வந்துவிடுகிறது. அந்த உழைப்பின் லாபத்தைக் கொண்டே வேறு ஆட்களை வாங்கிவிடலாம் என்பதை மெக்டொனாவே எழுதி வெளியிட்டார். ஒரு மனிதன் தன் சொந்த நாட்களையே ஒவ்வொன்றாக விலை கொடுத்து மீட்ட கணக்கு அது.

1850-ல் மெக்டொனா இறந்தபோது, சொத்தின் பெரும்பகுதியை நியூ ஆர்லியன்ஸ், பால்டிமோர் ஆகிய இரண்டு நகரங்களுக்கும் எழுதிவைத்திருந்தார். ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் கட்ட வேண்டும், நிற பேதம் கூடாது என்பது உயிலின் விருப்பம். அல்லார் தோட்ட நிலமும் இந்த வழியில் வந்து, 1854-ல் பொதுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பராமரிக்கப் பணம் இல்லாததால் பல வருடம் மாடுகள் மேய்ந்தன. 1891-ல் ஊர்ப் பிரமுகர்கள் சேர்ந்து அமைத்த மேம்பாட்டுச் சங்கம்தான் அதைப் பூங்காவாக்கியது. 1911-ல் அங்கே ஒரு கலைக் கூடம் திறக்கப்பட்டது. பணம் கொடுத்தவர் ஐசக் டெல்காடோ, ஜமைக்காவில் பிறந்த சர்க்கரைத் தரகு வியாபாரி. 1930-களின் பெருமந்த காலத்தில் மத்திய அரசின் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் பாலங்களும் ஏரிகளும் மைதானமும் கட்டினார்கள்.

யாருக்குப் பொது?

இனி முக்கியமான கேள்வி. தனியார் தோட்டம் பொதுப் பூங்காவாகிவிட்டது. அந்தப் பொதுவில் யார் யார் சேர்த்தி?

1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 'தனித்தனியாக, ஆனால் சமமாக' வசதிகள் இருக்கலாம் என்று சொல்லி இனப் பிரிவினையைச் சட்டமாக்கியது. அந்த வழக்கே நியூ ஆர்லியன்ஸ் ரயில் பெட்டி ஒன்றில் தொடங்கியதுதான். அதன் பிறகு பூங்காக்களிலும் பிரிவினை இறுகியது. தோட்டத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பூங்காவைப் பெருக்கலாம், பாத்தி கட்டலாம், அங்கே விளையாட முடியாது.

இதற்கு ஜோசப் பார்த்தலோமியுவின் வாழ்க்கையைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1888-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். சிறுவயதில் ஆடுபான் பார்க் கோல்ஃப் மைதானத்தில் வெள்ளைக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலைக்குப் போனார். ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அவருடைய திறமையைக் கண்டவர்கள் நியூயார்க்குக்கு அனுப்பி, மைதானம் வடிவமைக்கும் கலையைக் கற்கவைத்தார்கள். திரும்பி வந்து ஊரின் நல்ல மைதானங்கள் பலவற்றை அமைத்தார். சிட்டி பார்க் மைதானமும் அவற்றில் ஒன்று. தான் அமைத்த மைதானத்தில் ஒரு பந்து அடிக்கக்கூட அவருக்கு அனுமதி இல்லை. 1956-ல் கறுப்பின மக்களுக்கென்று கட்டிய பான்ட்சார்ட்ரெய்ன் பார்க் குடியிருப்பில் அவர் வடிவமைத்த மைதானம் திறந்தபோது, தன் கைவேலையில் அவரே ஆட முடிந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதுக்கும் மேல். அந்த மைதானம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

சிட்டி பார்க்கின் கதவைத் திறந்தது நிர்வாகத்தின் மனமாற்றம் அல்ல, வழக்கு. கறுப்பினக் குடிமக்கள் தொடுத்த வழக்கு கீழ் நீதிமன்றங்களைத் தாண்டி, 1958-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. பூங்கா நிர்வாகம் கடைசிவரை போராடியது. பூங்காவாக அறிவித்து அப்போது 104 வருடம் ஆகியிருந்தது.

ஆடுபான் பார்க்கில் பெரிய நீச்சல் குளம் ஒன்று 1928 முதல் இருந்தது. எல்லோரையும் விட வேண்டும் என்ற நிலை வந்தபோது, 1962-ல் குளத்தையே மூடிவிட்டார்கள். 1969-ல்தான் மறுபடி திறந்தது. ஏழு கோடைகாலம் வெள்ளைக் குழந்தைகளும் நீந்தவில்லை! சேர்ந்து நீந்துவதைவிட யாருமே நீந்தாமல் இருப்பது மேல் என்று ஒரு நகரம் முடிவெடுத்தது.

மெக்டொனாவின் பள்ளிகளிலும் இதே கதை. நிற பேதம் கூடாது என்ற உயிலின் பணத்தில் கட்டிய பள்ளிகள் நிறவாரியாகப் பிரிந்தன. ஆண்டுதோறும் அவருடைய சிலைக்குக் குழந்தைகள் பூ வைக்கும் விழாவில், வெள்ளைக் குழந்தைகள் எல்லோரும் முடிக்கும்வரை கறுப்பினக் குழந்தைகள் வெயிலில் காத்திருக்க வேண்டும். 1954-ல் அவர்கள் அந்த விழாவையே புறக்கணித்தார்கள். 2020 ஜூனில், அமெரிக்கா முழுவதும் போராட்டங்கள் நடந்தபோது, மெக்டொனாவின் மார்பளவுச் சிலை ஒன்று பெயர்க்கப்பட்டு மிசிசிப்பி ஆற்றில் வீசப்பட்டது. சிட்டி பார்க் வாசலில் 1915 முதல் குதிரைமேல் நின்ற தளபதி போரெகார்டின் சிலையை அதற்கு முன்பே, 2017 மே மாதம், நகர நிர்வாகம் அகற்றிவிட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதி அவர்.

வெள்ளமும் வரிப்பணமும்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா புயல் தாக்கியது. அப்போது பழைய நில அமைப்பு மறுபடி தலைகாட்டியது. ஆற்றங்கரை மேட்டில், போரே தேர்ந்தெடுத்த நல்ல நிலத்தில் இருக்கும் ஆடுபான் பார்க் பெரும்பாலும் வெள்ளத்துக்குத் தப்பியது. தாழ்வான சிட்டி பார்க் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் முழுகியது. உப்புத் தண்ணீர் பல நாள் நின்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போயின.

சிட்டி பார்க்குக்கு இன்னொரு பலவீனமும் இருந்தது. பொதுப் பூங்கா என்றாலும் வரிப்பணம் அதற்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. கோல்ஃப் கட்டணம், ராட்டினம், வாடகை, கிறிஸ்துமஸ் விளக்குத் திருவிழா என்று தானே சம்பாதித்துப் பிழைத்தது. வெள்ளத்தில் வருமானம் முழுவதும் நின்றதும் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட நேர்ந்தது. தன்னார்வலர்கள் சொந்தப் புல்வெட்டிகளைக் கொண்டுவந்து புல் வெட்டினார்கள். 2019 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில்தான் நகரத்தின் பூங்கா வரியில் சிட்டி பார்க்குக்கும் ஒரு பங்கு என்று மக்கள் ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் உள்ளே வரலாம் என்று ஆகி 61 வருடம் கழித்து, எல்லோரும் செலவைப் பகிர்வதும் வந்தது.

பேரேட்டில் இருந்த பெயர்கள்

இந்தப் பூங்காக்களை என்ன செய்வது? பழையதைக் கிளறாமல் மரநிழலில் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காலையில் நடக்க வருபவரும் மாலையில் குழந்தையோடு வருபவரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் அல்ல. தோட்டம் வீட்டு மனைகளாகப் போயிருந்தால் இந்த நிழலும் யாருக்கும் கிடைத்திருக்காது. மதில் வைத்த சொத்து ஊர்ச் சொத்தானது நல்ல மாற்றம்தான்.

ஆனால் போரே, ஃபூஷே, அல்லார், மெக்டொனா, ஆடுபான், டெல்காடோ என்று நிலத்தின் கதையில் வரும் பெயர்கள் எல்லாம் சொத்து வைத்திருந்தவர்களின் பெயர்கள். உழைத்தவர்களின் பெயர் கிடைக்காது என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். அது தவறு என்று காட்டியவர் வரலாற்றாசிரியர் குவெண்டலின் மிட்லோ ஹால். லூசியானாவின் நீதிமன்றங்களிலும் பத்திரப் பதிவு ஏடுகளிலும் கிடந்த விற்பனைப் பத்திரங்கள், உயில்கள், சொத்துப் பட்டியல்கள், அடமானங்கள் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் படித்து, லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகளின் பெயர், வயது, பிறந்த இடம், தொழில், விலை ஆகியவற்றைத் தொகுத்தார். 2000-ஆம் ஆண்டில் அது குறுவட்டாக வெளிவந்தது. மனிதர்களைச் சொத்தாகக் காட்டுவதற்கு எழுதிய அதே ஏடுகள்தான் இன்று அவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

நியூ ஆர்லியன்ஸுக்கு மேற்கே, ஆற்றங்கரையில், விட்னி என்ற பழைய கரும்புத் தோட்டம் 2014 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தது. எஜமானர் மாளிகையைவிட அடிமைகளின் வாழ்க்கைக்கே அங்கே முதலிடம். ஹாலின் தொகுப்பில் உள்ள பெயர்களை வரிசை வரிசையாகக் கருங்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆடுபான் பார்க்கும் சிட்டி பார்க்கும் அருங்காட்சியகங்களாக மாற வேண்டியதில்லை. ஏரிக்கரையில் படகும் ஓக் மரத்தடியில் பிறந்தநாள் விழாவும் அங்கே நடக்கட்டும். போரே சர்க்கரை காய்ச்சினார் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் ஒற்றை வரியில் எழுதுகின்றன. அந்த வரியோடு கொப்பரையருகே நின்றவர்களையும், அதே பூங்காவில் மட்டைப் பை சுமந்த பார்த்தலோமியுவையும் சேர்த்து எழுதினால், வருகிறவர்கள் தாங்கள் உட்கார்ந்திருக்கும் நிலம் எப்படிப் பொதுவானது என்று தெரிந்துகொள்வார்கள்.